ஊறப்போட்ட முத்திரை

என் மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு காகிதத் துண்டுகள் தெரிகின்றன. ஒன்று, வலது மேல் மூலை இல்லாத பழைய தபாலுறை. மற்றது அந்த மூலை. அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அக்கா இதைக் கொண்டுவந்து தந்தாள். "இது உனக்குத்தான் எண்டு சொல்லி வைச்சவர்," என்றாள். அவருடைய மற்ற உறைகளையெல்லாம் அவர் போய்வந்த முத்திரை சேர்ப்போர் சங்கத்துக்காரர் பெட்டிகளில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வந்து சேர்ந்தது நான் கெடுத்த ஒன்று.

அத்தான் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை செய்தார். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். எங்கள் சனமெல்லாம் வீடு வாங்கவும் கடை போடவும் ஓடிய காலத்தில், அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தபாலுறைகளின் பின்னால் ஓடினார். முத்திரை ஒட்டிய உறைகள் அல்ல. முத்திரையை உறையிலேயே அச்சடித்து, அதில் ஒரு தலையைப் புடைப்பாக அழுத்தி, தபாற்கந்தோர்களில் விற்ற உறைகள். அக்கா அதை விசர் என்றாள். இதில் என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டபோது அவர் ஓர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "முன்னுக்கு, போட்ட திகதி. பின்னுக்கு, வந்து சேர்ந்த திகதி. ரெண்டு சீலும் இருக்குப் பார். கடிதம் போய்ச் சேர்ந்திட்டுது." போர் நடந்த அந்த ஆண்டுகளில் ஊரிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்தின. சில வரவேயில்லை. 

நான் மொன்றியலுக்கு வந்து எட்டாம் நாள் அது நடந்தது. பல வருடம் சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்த அத்தானை, கண்காட்சியில் ஓர் உறையைக் குறிப்புகளோடு ஒரு தாளில் வைக்கும்படி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டிருந்தார்கள். அதற்காகத் தன்னிடம் இருந்ததில் மிகச் சிறந்த உறையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். வெர்மொண்டில் ஒரு சிற்றூரிலிருந்து மொன்றியல் வியாபாரி ஒருவருக்கு வந்த உறை. மூன்று சதப் பச்சை முத்திரை. அக்காவும் வேலையில். சும்மா இருந்து சாப்பிடுவது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஏதாவது உதவி செய்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். முத்திரை சேர்ப்பதென்றால் எங்கள் ஊரில் ஒரே முறைதான்: மூலையை வெட்டு, தண்ணீரில் ஊறப்போடு, பசை இளகியதும் உரி, பழைய பேப்பரில் குப்புறக் காயவிட்டுக் கொப்பியில் ஒட்டு. பள்ளிக்கூட நாட்களில் நான் இதில் சூரன். கத்தரிக்கோலை எடுத்தேன். சூப்புக் கோப்பையில் தண்ணீர் விட்டேன். ஒரு மணி நேரமாகியும் முத்திரை கழன்று வரவில்லை. அமெரிக்கன் பசை நல்ல பசைதான் என்று நினைத்து, கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினேன். அச்சடித்த முத்திரை எந்த வெந்நீருக்குக் கழலும்? புடைத்திருந்த தலைதான் அமுங்கிப்போயிற்று. ஊர்ப் பெயர் இருந்த வட்டச் சீலைக் கத்தரிக்கோல் ஏற்கெனவே பாதியாக்கியிருந்தது.

அத்தான் வந்தார். மேசையைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கொழுவினார். பிறகு, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு விளங்கியது. "ஒட்டிப்போடலாம், அத்தான்," என்றேன். "வேண்டாம். ஒட்டினா, நடந்தது நடக்கேல்லை எண்ட மாதிரிப் போயிடும்."  ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் வேறு உறையை வைப்பார் என்று நினைத்தேன். அதையேதான் வைத்தார்: மூலை போன உறையும், பக்கத்தில் வெளிறிய சதுரமும், கீழே பிரெஞ்சில் சில வரிகளும். அக்காவின் கட்டாயத்தில் நானும் கண்காட்சிக்குப் போயிருந்தேன். வயதான உறுப்பினர்கள் இருவர் அந்த வரிகளை வாசித்துவிட்டுத் திரும்பி, அத்தானின் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாது. நாலு பேர் முன்னிலையில் என்னை மொக்கனாக்கிவிட்டார் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த மாதமே டோர்வலில் விமானநிலைய வேலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டுப் போனேன். பிழை செய்தவனும் நான், கோபித்துக்கொண்டவனும் நான். பகை என்று ஒன்றுமில்லை. கலியாண வீடுகளில், கோயிலில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து கதைத்தோம். ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார்: "ஒருக்கா வீட்டை வா, தம்பி. உன்னாலை ஒரு சின்ன வேலை கிடக்கு." நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்: "ஓம் அத்தான், பேந்து வாறன்." அப்படியே பதினெட்டு வருடம் போயிற்று.

பிளாஸ்டிக் உறைக்குள், பழைய தபாலுறைக்குப் பின்னால், கண்காட்சியில் வைத்த அந்தத் தாளும் இருந்தது. விமானநிலையத்தில் கழிந்த வருடங்களில் பிரெஞ்சு எனக்குப் போதுமான அளவு வந்துவிட்டது. எழுதியவர், சீல் குத்திய தபாலதிபர், பெற்றவர் என்று மூன்று வரிகள். மூன்று பேரின் பெயர்களையும் எங்கோ தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். நாலாவது வரி: 'வெட்டியவர், என் மனைவியின் தம்பி. இந்த நாட்டுக்கு வந்து எட்டாம் நாள், எனக்கு உதவி செய்வதற்காக.' அவ்வளவுதான். அந்தக் கிழவர்கள் சிரித்தது இதற்குத்தான். வரியின் முடிவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அதன் கீழே, பிற்காலத்தில் எழுதியது போல, நடுங்கும் கையெழுத்தில் தமிழில்: 'பேரை அவனே வந்து எழுதட்டும்.'

எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தானை நினைத்து அழுகையும் வந்தது. சதுரத்தை எடுத்து உறையின் வெட்டிய மூலையில் வைத்துப் பார்த்தேன். நனைந்து காய்ந்ததில் அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. சீலின் இரண்டு பாதிகளும் சேரவில்லை. அதை அப்படியே விட்டேன். உறைகளின் பக்கத்தில் பேனையைக் கொண்டுவரக்கூடாது, எதை எழுதுவதானாலும் பென்சிலால்தான் என்பது அத்தானின் சட்டம். ஒரு பென்சிலைச் சீவி, விட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இன்றைய திகதியைப் போட்டேன்.