விடுப்புப் பெட்டியில் விருதுகள்

மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனித்துக்கொள்பவளுக்கு அங்கே பெட்டிக்காரி என்று பெயர். முன்பெல்லாம் தளத்தில் செய்தி எழுத ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே பெரிய பெட்டி. நினைத்ததை நினைத்த நிறத்தில் ஒட்டிவைப்பார்கள். டாக்டர் விடுப்பு என்ற செய்தி, வாழ்த்துக்கும் படத்துக்கும் நடுவே எங்கோ கிடக்கும். கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அவள் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள். பெயருக்கு ஒரு பெட்டி, நாட்களுக்கு ஒன்று, விடுப்புக்கு ஒன்று. விடுப்புப் பெட்டியில் ஓர் எழுத்து விழுந்தாலும் போதும், டாக்டர் விடுப்பில் இருப்பதாக வாசல் திரை காட்டும்.

“வீட்டுலயும் இதே கதைதான்” என்பான் கணவன். “சர்க்கரை டப்பால உப்பு போட்டா அன்னிக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது.”

தலைமை டாக்டருக்குத் தன் விருதுகளைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. இடம் தேடினார். நீளமாக எழுத விட்டது விடுப்புப் பெட்டி மட்டும்தான். எல்லாவற்றையும் அதில் கொட்டினார். மறுநாள் அவரைப் பார்க்க வந்தவர்கள் திரையைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர் மதியம்வரை காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

“பழையபடி ஒரே பெட்டி வச்சிடும்மா. அவங்கவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கட்டும்.”

“முடியாது சார். அந்தப் பெட்டியில கதை எழுத விட்டது என் தப்பு. இனி தேதி மட்டும்தான் வாங்கும். மாத்திட்டேன்.”

“பெரியவர், தலைமை டாக்டர், கோவமா இருக்காரு.”

“விருதுக்குத் தனியா ஒரு பெட்டி தர்றேன். அவர் கோவத்துக்காகப் பச்சப்புள்ளையத் தூக்கிட்டு வர்றவங்களை அலைய விட மாட்டேன்.”

“சாயங்காலத்துக்குள்ள பழைய பெட்டி வரணும். இல்லைன்னா அட்டையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் போயிட்டே இரு.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“சாயங்காலம் வரைக்கும் எதுக்கு சார்?”

ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. தன் இடத்துக்கு வந்து விருதுப் பெட்டியைச் செய்து முடித்தாள். மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பழைய பெட்டியை வைக்க வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“அட்டை எங்கம்மா?”

“மேனேஜர் மேசையில இருக்குண்ணே.”

“நேத்து பெரியவர் விடுப்பு. இன்னிக்கு நீயா?”

“விடுப்புன்னு திரையில என் பேரு இருக்கா பாருங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். இல்லை. கையை இறக்கினார்.