முத்துக்கொத்தும் இடது காலும்

சீனத்துச் சாங்கான் நகரத்து மேற்குச் சந்தையில், பெய் ஆசாரியின் நகைப்பட்டறையில் சான்னியாங்குக்கு வேலை நடப்பது. ஆமாம், வெறும் நடைதான். சீமாட்டிகள் கொண்டையில் செருகும் தங்க ஊசியின் நுனியில் முத்தும் மாணிக்கமும் கொத்தாகத் தொங்கும். அடி வைத்தால் அவை ஆட வேண்டும். வாங்க வருகிறவர்கள் முன்னால் யாராவது அதைச் சூடி நடந்து காட்ட வேண்டுமே. அதுவரை நடந்து காட்டிய ஆசாரியின் மனைவி பிரசவத்துக்குப் படுத்த அன்று, உலைக்குக் கரி சுமந்துகொண்டிருந்த இவளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அன்று அந்த முத்துகள் போட்ட ஆட்டம் இருக்கிறதே, பார்த்தவர்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள். அதன்பிறகு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து இடது கால் குட்டையானதை நீளப் பாவாடைக்குள் அவள் மறைத்துக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அது ஒயிலான நடையாகவே பட்டது. ஆசாரிக்கு மட்டும் உண்மை தெரியும். நொண்டி சூடிய நகையைப் பெரிய வீட்டார் தொடுவார்களா?

கோமகன் வீட்டு மருமகள் யுவான் சீமாட்டி, ஊசி வாங்கிப்போன மறுவாரமே பல்லக்கில் வந்து இறங்கினாள்.

"நகைய மாத்திட்டீங்க. இங்க துள்ளுச்சு, என் தலையில செத்துக் கெடக்கு. சந்தை அதிகாரிக்கு ஆள் அனுப்பட்டுமா?"

திருட்டு என்றால் பிரம்படி, முதுகுத்தோல் மிஞ்சாது. உண்மையைச் சொன்னால் சான்னியாங்கின் பிழைப்பில் மண். பாவம், ஆசாரி பிரம்படிக்கே தயாரானார்.

சான்னியாங்கே முன்னால் வந்தாள்.

"நகைய யாரும் மாத்தலைம்மா. கால்தான் வேற" என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள்.

பணிப்பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். சீமாட்டி அந்தக் காலையே உற்றுப் பார்த்தாள்.

"நட."

நடந்தாள். சீமாட்டி சட்டென்று தன் வலது செருப்புக்குள் கைக்குட்டையை மடித்துத் திணித்து, பின்னாலேயே இரண்டடி வைத்தாள். தலையில் முத்துகள் துள்ளின.

"அட, இவ்வளவுதானா" என்று சிரித்தவள், ஆசாரியிடம் "இன்னும் ரெண்டு செஞ்சு வை" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே பல்லக்கு ஏறினாள்.

அந்த வசந்தத்தில் ஏரிக்கரைக்கு வந்த பெரிய வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நொண்டினார்கள். வேடிக்கை பார்க்கப் போன சான்னியாங்கைக் காவலன் ஒருவன் மறித்தான்.

"துணியப் பாரு, நடையப் பாரு. சீமாட்டின்னு நெனப்பா?"

"நான் சின்னப் புள்ளையிலேருந்து இப்படித்தாண்ணே நடக்குறேன்."

"யாருகிட்ட கதை விடுற? ஒழுங்கா நட."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவன் கண்ணெதிரிலேயே கரை முழுக்க ஒரு நடை நடந்து வந்தாள்.