கோபத்தில் விழுந்த முகங்கள்

சென்னியப்பன் பிறவியிலேயே கோபக்காரன் அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் வெள்ளகோவிலிலிருந்து திருப்பூருக்கு வந்து, ரயிலடிக்குப் போகும் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்தபோது, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுவான். அவன் எடுத்த படங்களும் அவனைப் போலவே இருந்தன. மூக்கும் முழியும் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். "படம் தெளிவாத்தான் இருக்குதுங்க. ஆனா என்னையாட்டம் இல்லீங்களே" என்று சொல்லி வாங்கிப் போனவர்கள் மறுபடி வரவில்லை.

ஒரு நாள் பல்லடம் பஸ்ஸிலிருந்து படம் எடுக்கும் கண்ணாடித் தகடுகள் இருந்த அவனுடைய தகரப் பெட்டியைக் கண்டக்டர் இழுத்துக் கீழே போட்டான். உடைந்த சத்தம் கேட்டுச் சென்னியப்பன் நியாயம் கேட்க, கூட்டத்தின் நடுவில் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அதுவரை யாரையும் தொட்டறியாத சென்னியப்பன் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக் கண்டக்டரின் வாயிலேயே அடித்தான். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள்.

கிழிந்த சட்டையோடு ஸ்டுடியோவுக்கு வந்தால், பஞ்சு வியாபாரி ஒருவர் படம் எடுக்கக் காத்திருந்தார். பெரிய மனிதர். நாற்காலியில் நெளிந்துகொண்டே, "எத்தன நேரந்தான் தம்பி" என்று ஆரம்பித்தார்.

"அசையாம உக்காருய்யா" என்று கத்தினான் சென்னியப்பன்.

அவரை அப்படி அதட்டியவர்கள் அந்த ஊரில் இல்லை. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாடை துடிக்க அவனை முறைத்தார். படம் விழ, கேமராவிலிருந்து தொங்கிய ரப்பர் பந்தை அவன் அமுக்கினான்.

அந்தப் படம் ஊரெல்லாம் பேச்சானது. திட்டு வாங்கிய வியாபாரியே அதைப் பார்த்துவிட்டு, "இதுதாம்ப்பா நானு" என்று பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். சட்டம் போட்டுக் கொடுத்தவர் அடுத்த கடைப் பக்கீர் முகமது. "படம் அருமைங்க சென்னியப்பன். ஆனா பாத்தா பயமா இருக்குது" என்றார். சென்னியப்பன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

தன் கோபம் எதிரில் இருப்பவர் முகத்தை எழுப்பிவிடுகிறது என்று அவன் கண்டுகொண்டான். அதற்குப் பிறகு அது அவனுக்குத் தொழில் ரகசியமாகிவிட்டது. சண்டை போட்ட நாட்களில் படம் உயிரோடு விழுந்தது. மனசு அமைதியாக இருந்த நாட்களில் பழையபடி மாவு பூசிய முகங்கள். தினமும் அறைவதற்குக் கண்டக்டர் கிடைப்பானா? ஸ்டுடியோவுக்குப் பின்கட்டிலேயே வீடு. வீட்டில் மனைவி கண்ணம்மாள் இருந்தாள்.

முதலில் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தான். அப்புறம் கை நீண்டது. அப்புறம் கேமராப் பெட்டியின் தோல்வார். பெரிய இடத்து ஆட்கள் படத்துக்கு வருகிறார்கள் என்றால், அன்று காலையில் அவள் முதுகில் வார் விழும். அடித்துவிட்டு, மூச்சு வாங்க, கண் சிவக்க முன்கட்டுக்கு வந்து கறுப்புத் துணிக்குள் தலையை நுழைப்பான். 

"என்னங்க தப்புப் பண்ணுனேன்?" என்று அவள் கேட்டுப் பார்த்தாள். கேட்டதற்கும் சேர்த்து அடித்தான்.

அறுபத்துமூன்றில் அவள் உண்டாகியிருந்தாள். புது மணமக்கள் படத்துக்கு வரவிருந்த ஒரு காலையில் அவன் விட்ட உதை அடிவயிற்றில் பட்டது. ஆஸ்பத்திரியில், கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்று அவனே சொன்னான். கரு தங்கவில்லை. அன்று எடுத்த மணமக்கள் படம் மட்டும் அத்தனை உயிரோடு வந்திருந்தது. அவன் போட்ட அதட்டலில் மிரண்ட பெண், பக்கத்திலிருந்தவன் விரலைப் பற்றியிருந்தாள். பார்த்தவர்கள் அதை ஆசை என்று நினைத்தார்கள். வாசல் கண்ணாடிப் பெட்டியில் அதை வைத்தான். கண்ணம்மாள் தண்ணீர்க் குடத்தோடு அதைத் தாண்டித்தான் போகவேண்டும், வரவேண்டும்.

பனியன் கம்பெனி முதலாளி ஆறுமுகசாமியின் குடும்பம் வந்தது அறுபத்தேழில். தாயார் சுப்பாத்தாள், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார்கள். சென்னியப்பன் இன்னும் தன் வேலையை முடித்திருக்கவில்லை. எல்லோரையும் உட்கார வைத்தான், விளக்குகளைப் போட்டான். மனசு மந்தமாகக் கிடந்தது.

"ஒரு நிமிசமுங்க" என்று பின்கட்டுக்குப் போனான்.

அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த கண்ணம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுத்தான். வார் ஒரு தரம் விழுந்தது. இரண்டாவது தரம் அவன் கையை ஓங்கியபோது, அவள் கையில் கிடைத்த விறகுக்கட்டையைச் சுழற்றி அடித்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அவள் நிறுத்தவில்லை. அடுத்தது நெற்றியில்.

"இனி தொட்டே, கொன்னு போடுவேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

அந்த நேரத்திலும் சென்னியப்பனுக்கு ஓடிய நினைப்பு ஒன்றுதான்: இத்தனை கோபம் இதுவரை வந்ததில்லை, இப்போது எடுத்தால் படம் எங்கேயோ போகும். புருவத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் முன்கட்டுக்கு வந்தான். வலது கை தொங்கியது. இடது கையால் பந்தைப் பிடித்து, "இங்க பாருங்க" என்று கத்தி அமுக்கினான்.

சுப்பாத்தாள் எழுந்தாள். அவன் பின்னாலேயே வந்து கதவோரம் கட்டையோடு நின்ற கண்ணம்மாளிடம், "அதைக் கீழ போட்டுட்டு எங்கூட வா கண்ணு" என்றாள். போகிற போக்கில் அவனைப் பார்த்து, "நீ அந்தப் பொட்டிக்குள்ளயே தலைய வச்சுட்டுக் கெட" என்றாள்.

மறுநாள் மத்தியானம் கட்டுப்போட்ட கையோடு இருட்டறையில் அந்தத் தகட்டைக் கழுவினான். அவன் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. ஒவ்வொரு முகமும் விழித்திருந்தது. ஆனால் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. குழந்தைகள் உட்பட எல்லோரும் அவன் தோளுக்குப் பின்னால், அங்கே நின்ற ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணம்மாளை அவன் ஒருமுறைகூடப் படம் எடுத்ததில்லை.

அது உறைத்துத் திருந்தினான் என்று சொல்வதற்கில்லை. அவளைக் கூட்டிவர ஆறுமுகசாமியின் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றான். பனியன் மடிக்கும் பகுதியில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். வெளியே வந்தவளின் முடியைப் பிடித்தான். கூட வந்த பெண்கள் அவனைக் கீழே தள்ளினார்கள். செருப்பு, சோற்றுத் தூக்குப்போசி, கை, கால் என்று எது எதுவோ விழுந்தது. ஒருத்தி துணி வெட்டும் கத்தரிக்கோலின் பிடியால் அவன் வாயில் குத்தினாள். ஆறுமுகசாமி அசையாமல் நின்று பார்த்துவிட்டு, போதும் என்று தோன்றியபோதுதான், "உடுங்க புள்ளைகளா" என்றார். கண்ணம்மாள் மட்டும் அவனைத் தொடவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகும் அவனுக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தினால் ஜனங்கள் எழுந்து போய்விட்டார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டதே. பெண்களை அழைத்துக்கொண்டு யாரும் அந்தப் படி ஏறவில்லை. மணிக்கட்டும் கோணலாகவே கூடியது. கடைசியில் பக்கீர் முகமதுதான் பனியன் பெட்டிகளில் ஒட்டும் லேபிளுக்குப் படம் எடுக்கும் வேலையைப் பிடித்துக் கொடுத்தார். பனியனைப் பலகையில் விரித்து, சுருக்கம் நீவி, எடுப்பான். அதை யாரும் அதட்ட வேண்டியதில்லை. ஆளுக்குப் போட்டு எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்றுவிடுவான்.

எழுபத்தைந்தில் ஒரு விடிகாலை சென்னியப்பன் இறந்துபோனான். பக்கீர் முகமது கம்பெனிக்குப் போய்க் கண்ணம்மாளிடம் சொன்னார்.

"சத்தம் போட்டாருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு."

பாதியில் விட்டிருந்த பனியனை மடிக்கத் தொடங்கினாள்.