அத்தை கல்யாணப் பத்திரிகையில் நான் போட்ட கோடு

பசங்களா, நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் அத்தை கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. நல்ல பிள்ளையாக இருக்கப்போய் அப்படி ஆனது.

அத்தை, அப்பாவின் தங்கை. கள்ளிக்குப்பத்தில் எங்களோடுதான் இருந்தார். பக்கத்துத் தொழிற்பேட்டையில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை. இரண்டு இடம் பேசி, இரண்டும் ஒன்றுமில்லாத காரணத்துக்குத் தட்டிப்போனபிறகு வந்தவர் வானகரத்து மாப்பிள்ளை. அவருடைய அம்மா எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு குறை சொல்வார். பத்திரிகையிலாவது குறை இருக்கக் கூடாது என்று, அச்சகத்து ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி அத்தையே ஓர் எழுத்து மாடலைப் பிடித்தார். உள்ளே வெறுமையாக இருக்கும். ஓரம் முழுக்க முத்துக் கோத்த மாதிரி புள்ளிகள். மணமக்கள் பெயர் மட்டும் அந்த எழுத்தில் வந்தது.

எனக்கு அது முடிக்காத வேலையாகத் தெரிந்தது. பள்ளியில் மிஸ் நோட்டில் புள்ளி வைத்துத்தான் எழுத்து போட்டுத் தருவார். சேர்க்காமல் விட்டால் முட்டி போட வேண்டும். பாவம், அத்தை மறந்துவிட்டார் என்று, ஞாயிறு மத்தியானம் எல்லோரும் அசந்த நேரம் ஒரு பத்திரிகைக் கட்டைப் பிரித்து, நீலப் பேனாவால் புள்ளிகளைச் சேர்க்க உட்கார்ந்தேன். பாதிக் கட்டு முடித்திருப்பேன், அப்பா வந்துவிட்டார்.

அது மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாதிரி தனியாக அடித்த கட்டு. அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாற்ற வேறு இல்லை.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற? அந்தம்மா பாத்தா சும்மா வுடுமா?" என்று அப்பா கை ஓங்கினார்.

அத்தை குறுக்கே வந்தார். ஒரு பத்திரிகையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வுடுண்ணா. பாதில கோடு இருந்தாதான கிறுக்கல். எல்லாத்துலயும் இருந்தா மாடல்."

"கேட்டா இன்னான்னு சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாத. குடுத்துட்டு வா."

என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைக்கு ஓரம் அடித்துப் பழகிய கை; கோடு நேராக ஓடியது. நான் கோணலாகப் போட்டதையும் தடித்த கோடாக்கிச் சரிபண்ணினார். மூன்று மணி நேரம் நிமிரவே இல்லை.

இரவு அப்பா திரும்பி வந்து, வாசல்படியைத் தாண்டுவதற்குள் சொன்னார்: "அந்தம்மா தடவித் தடவிப் பாத்துச்சு. கைவேலையா, பரவால்லியேன்னுச்சு."

அத்தை சமையலறைக்குள் போய்ச் சுவரோரமாக நின்று அழுதார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் புடவையை இழுத்து, "அழாத அத்தே. மொதல்ல ஆரம்பிச்சது நான்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். எல்லாம் நீயே போட்டதா இருக்கட்டும்" என்றேன்.

பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்த நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.