மூன்று மாதம் எழுதிய ரெஜிஸ்டர்

திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். இருப்புக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். பயிற்சிக்குப் பதினோரு முறை கூப்பிட்டும், ரெஜிஸ்டர் எழுதவே நேரமில்லை என்று தட்டிக்கழித்தேன். இந்த மாதத்துக்குள் கற்காவிட்டால் கேட் டியூட்டிதான் என்றார் மேனேஜர்.

பேக்கிங் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றலாகி வந்து, கம்ப்யூட்டரில் கணக்குப் பதிந்துகொண்டிருந்த செல்வி கேட்டாள்: "இன்னா சார், அந்த நோட்ட யாருக்கு எழுதறீங்க? மூணு மாசமா யாருமே தொறக்கலியே!"

சுருக்கென்றது. "தப்பா தட்டி எல்லாம் அழிஞ்சிட்டா?" என்று முதல்முறையாக உண்மையைச் சொன்னேன்.

"நான் நாலு தபா அழிச்சேன் சார். ஃபேக்டரி ஓடிக்கினுதான இருக்கு?"

டீ இடைவேளையில் பத்துப் பத்து நிமிடமாக, ஒன்பதே நாளில் கற்றுக்கொடுத்தாள். ஸ்டோரிலிருந்தே ஓய்வு பெற்றேன்.

தொண்ணூறு நிமிடத்துக்குப் பயந்து மூன்று மாதம் ஓடியிருக்கிறேன். இன்றும் எதையாவது தள்ளிப்போட்டால், காரணம் வேலையா, பயமா என்று கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் பதில் எனக்குப் பிடிப்பதில்லை.