பூச்சிமருந்துக்காக அணைத்த விளக்கு

எனக்குப் பக்தி போய்விட்டதாகக் கோட்டைத் தெருவில் பேசுகிறார்கள். தவறு. போக வேண்டியது கரப்பான்பூச்சி.

மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபாகர் டப்பாவைத் திறந்தால் வீடு முழுக்க மருந்துப் புகை பரவும். எந்தத் தீயும் எரியக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கிறது.

ஆகவே, என் கணவர் ஏற்றி, பதினோரு வருஷமாக நான் அணையாமல் காத்த பூஜை விளக்கை இன்று அணைத்தேன்.

எதிர்வீட்டு விசாலம் கேட்டாள்: "சின்னத் திரியாக்கும் மாமி, அது என்ன பண்ணும்?"

"அது டப்பாவுக்குத் தெரியுமோடி?"

நான்கு மணி நேரம் வெளியே இருந்தபின், ஜன்னல்களைத் திறந்துவிட்டு, விசாலம் வீட்டுக் கணினியில் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்குள்ளே மருந்து வாசனை இன்னும் இருக்கிறது. சந்தி வேளை நெருங்குகிறது.

வாசனை போகும்முன் விளக்கேற்றலாமா? டப்பா சொல்லவில்லை. ரசாயனம் படித்தவர்கள் காரணத்தோடு இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள்.