தங்கமணியின் சுருட்டைத் தக்காளி

ரயில்வேயில் ஆள் குறைத்தபோது தங்கமணியின் கணவர் ரெங்கசாமியின் வேலையும் போனது. கடல் கடந்து பிழைக்க வந்த நாட்டில் ரப்பர் விலை விழுந்த காலம் அது. வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "நாமளும் கப்பலுக்குப் பேரு குடுத்துருவோமா புள்ள?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் தங்கமணி பிடிகொடுக்கமாட்டாள். ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது? மாமியார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

"தக்காளி காய்க்கட்டும். பாசார்ல வித்துப் பொழச்சுக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவரை நிறுத்தி வைத்திருந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே சும்மா கிடந்த நிலத்தில்தான் அந்தத் தக்காளி. மிச்ச நாற்றைப் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் பக்கத்துத் தெருக் கிராணியாரின் மனைவி கனகேஸ்வரிக்கும் கொடுத்தாள். அந்த யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருநாள் வந்து பார்த்து, "எவ்வளவு செழிப்பா நிக்குது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

வந்தது வினை. ஆற்றோரத்து ஒரு வரிசை தவிர, முழங்கால் உயரத்தோடு செடிகள் நின்றுவிட்டன. கொழுந்திலைகள் ஓரம் மஞ்சளித்து மேல்நோக்கிச் சுருண்டன. பூத்த பூவெல்லாம் உதிர்ந்தது. தப்பிப் பிடித்த ஒன்றிரண்டு பிஞ்சும் சுண்டைக்காய் அளவைத் தாண்டவில்லை. செடியைத் தொட்டால் பொடிப்பொடியாய் வெள்ளை ஈக்கள் பறந்தன. அதை யார் சட்டை செய்தார்கள்? எருவை அள்ளிப் போட்டாள். மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டாள். நெடி வரவில்லை. போதாதா! கனகேஸ்வரியின் கண்தான் என்று தீர்மானித்து, பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அந்தக் கனகேஸ்வரியே வேலியோரம் வந்து நின்றாள்.

"தங்கமணி, நீர் தந்த தக்காளிக் கண்டெல்லாம் சுருண்டு போச்சுது. ஊரிலை எங்கட மிளகாய்க்கும் இந்தச் சுருட்டை வருத்தம் வாறது. சுருண்டதைப் பிடுங்கி எரிச்சாத்தான் மற்றது தப்பும்."

தங்கமணிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் வீட்டிலுமா? அப்படியானால் யார் கண், யார்மேல்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. செடி நிற்கும் வரைதான் ரெங்கசாமி பொறுப்பார். பிடுங்கிவிட்டால் எதைக் காட்டி அவரை நிறுத்துவது? பிடுங்காவிட்டால் ஆற்றோரம் நல்லபடி நிற்கும் ஒரு வரிசையும் போய்விடும்.

சுருண்டதையெல்லாம் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்தாள். பச்சைச் செடிகள் புகைந்து எரிந்தன. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல அழுதாள்.

சாயங்காலம் ரெங்கசாமி வந்து வெறும் தரையைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொண்டாள். "ஒரு வரிசை நல்லா இருக்குங்க. அது காய்க்கும்."

அவர் தலை குனிந்தார். "காலையிலயே ரெண்டு பேரு பேரையும் குடுத்துட்டு வந்துட்டேன் புள்ள."

தங்கமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆற்றோர வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்குப் போயி என் பேர அடிச்சிட்டு வாங்க."